செங்கரட்டுக் கோட்டையின் மூன்றாம் வாசல்

1936 ஜூலை 13, திங்கள்

ஏழாம் வகுப்பில் இன்று பாதிப் பாடத்தோடு நிறுத்த வேண்டியதாயிற்று. கோட்டை முற்றுகையைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தோம். "அகழின்னா எப்படி இருக்கும், சொல்லுங்க பாப்போம்" என்று கேட்டேன். ஒருத்தி கிணறு என்றாள். ஒருத்தி வாய்க்கால் என்றாள். ஈரோட்டிலிருந்து பஸ் ஏறினால் செங்கரட்டுக் கோட்டை. இந்தப் பெண்களில் ஒருத்தியும் அதைப் பார்த்ததில்லை. மஞ்சள் மண்டியையும் ரயில் ஸ்டேஷனையும் தவிர இதுகள் எதைத்தான் பார்த்தன?

"கூட்டிட்டுப் போங்க டீச்சர்" என்று ஒரே கூச்சல். தெய்வாத்தாள் மட்டும் வாயைத் திறக்கவில்லை. அவள் எதையும் கேட்கிற பெண் இல்லை. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தலைமையாசிரியை அம்மாளிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஜூலை 16, வியாழன்

தலைமையாசிரியை அற்புதம் அம்மாள் முதலில் முடியாது என்றுதான் சொன்னார்கள். கோட்டைக்குப் பயந்து அல்ல, கூட்டத்துக்குப் பயந்து. பத்திரிகையில் கோட்டையின் படம் வந்தாலும் வந்தது, லீவு நாளென்றால் கோயமுத்தூரிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஜனம் வந்து இறங்குகிறது. "சாராள், போன வருஷம் ஆடி நோம்பிக்கு என் தங்கச்சி போயிட்டு வந்தா. கால்ல செருப்பில்ல, கையில குடையில்ல. அழுதுட்டே வந்து சேர்ந்தா."

ஆடிப் பதினெட்டு நோம்பி முடிந்து கூட்டம் வடிந்த பிறகு போகிறோம், ஆகஸ்ட் எட்டாம் தேதி சனிக்கிழமை, காலையிலேயே ஏறி வெயிலுக்கு முன் இறங்கிவிடுவோம் என்று சொன்னேன். தையல் டீச்சர் சாஜிதா பேகமும் கூட வருவதாகச் சொன்ன பிறகுதான் சம்மதம் கிடைத்தது.

ஜூலை 25, சனி

பெண்களைக் கூட்டிப் போவதற்கு முன் இடத்தைப் பார்த்து வரலாம் என்று இன்று தனியாகப் போய்வந்தேன்.

சாதாரண சனிக்கிழமைக்கே அவ்வளவு கூட்டம். அடிவாரத்தில் கரும்புச்சாறு, வறுகடலை, ராட்டினம். மேலே ஒரு குடும்பம் கிராமபோன் பெட்டியையே சுமந்து வந்திருந்தது. பீரங்கி மேட்டில் உட்கார்ந்து புளிசாதம் சாப்பிடுகிறார்கள். எழும்போது இலையை அங்கேயே விட்டுவிடுகிறார்கள். சுவரெல்லாம் கரித்துண்டால் பேர். கோட்டையைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று தெரியவில்லை. ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

முதல் இரண்டு வாசல்களும் அகலம். மூன்றாவதுதான் தொல்லை. எதிரி யானை முட்டாமல் இருக்க வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே நுழைந்ததும் இருட்டு, உடனே ஒரு திருப்பம், அதற்கப்புறம்தான் வெளிச்சம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அந்த ஒரே வழியில்தான் உரசிக்கொண்டு போகவேண்டும். நான் சுவரோடு ஒண்டி நின்று, கூட்டம் விட்ட இடைவெளியில் நுழைந்தேன். பெண்களோடு வரும்போதும் இப்படித்தான் செய்யவேண்டும்: நின்று, பார்த்து, வழி விட்ட பிறகு.

அப்புசாமி என்று ஒரு வழிகாட்டி. சிவப்புத் தலைப்பாகை, கையில் பிரம்பு. வருகிறவர்களுக்கு இடம் காட்டிக் கதை சொல்லிக் காசு வாங்குகிறான். ஒரு கூட்டத்திடம் ராஜாவின் மகள் இந்தச் சுனையில் குதித்தாள் என்றான். அடுத்த கூட்டத்திடம் அவளை அண்ணனே தள்ளிவிட்டான் என்றான். "இதையெல்லாம் எங்க படிச்சீங்க?" என்று கேட்டேன். கொஞ்சமும் கூசாமல், "படிச்சிருந்தா இத்தனை சொல்ல வருமுங்களா டீச்சர்?" என்றான். சிரித்துவிட்டேன்.

ஜூலை 29, புதன்

தெய்வாத்தாளின் அம்மா பூவாத்தாள் மண்டியிலிருந்து நேராக வந்திருந்தார். மஞ்சள் பொறுக்குகிற வேலை, விரலெல்லாம் மஞ்சள். அப்பா அங்கப்பன் மண்டிக்குப் பாரவண்டி ஓட்டுகிறவர். ஒரே பெண். அவருக்குச் சம்மதமில்லையாம்.

"நானு பேசிச் சரி பண்ணிப்போட்டனுங்க. ஆனா கூட்டம் நெம்ப இருக்குமாமுங்களே. அவ உங்க கையைப் புடிச்சுட்டு வரட்டுமுங்க. அது போதுமுங்க."

என் கையிலேயே வைத்துக்கொள்கிறேன் என்றேன்.

ஆகஸ்ட் 2, ஞாயிறு

ஆடிப் பதினெட்டு. ஆராதனை முடிந்து வரும்போது பார்த்தேன், செங்கரடு போகிற பஸ்களின் கூரை மேலெல்லாம் ஆட்கள். நல்லவேளை, நாம் இன்று போகவில்லை.

ஆகஸ்ட் 8, சனி

தெய்வாத்தாள் இறந்துவிட்டாள்.

ஆகஸ்ட் 11, செவ்வாய்

இடது தோள் வீங்கியிருக்கிறது. வலது கையால் எழுத முடிகிறது. எழுதிவிடுகிறேன், இல்லாவிட்டால் அது மண்டைக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வருகிறது.

பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே அடிவாரத்தில் நோம்பிக் கூட்டம் போல இருந்தது. எனக்குப் புரியவில்லை. கேட்டபோது, கோட்டையில் டாக்கிப் படம் எடுக்கிறார்கள், குதிரை வந்திருக்கிறது, ராணி வேஷம் போடுகிற நடிகை வந்திருக்கிறாள் என்றார்கள். அப்போதே திரும்பியிருக்கலாம். சாஜிதா, "என்ன பண்ணலாம் டீச்சர்?" என்று கேட்கத்தான் செய்தார். பெண்களின் முகங்களைப் பார்த்தேன். இவ்வளவு தூரம் வந்தாயிற்றே, மெதுவாகப் போவோம் என்றேன்.

நான் சொன்னது. நான்தான் சொன்னேன்.

இரண்டிரண்டு பேராகக் கைகோத்து நடந்தோம். நான் முன்னால், என் கையில் தெய்வாத்தாள். சாஜிதா கடைசியில். முதல் வாசல், இரண்டாம் வாசல் ஒன்றும் இல்லை. மூன்றாம் வாசலில், நினைத்தபடியே, ஓரமாக நின்றேன். இறங்குகிறவர்கள் குறைந்தார்கள். வழி விட்டது. நானும் தெய்வாவும் உள்ளே நுழைந்து திருப்பத்துக்குப் போய்விட்டோம்.

அப்போது கீழே யாரோ கத்தினார்கள், "ராணி இறங்கறாங்க, ராணி இறங்கறாங்க!" கீழே இருந்தவர்களெல்லாம் பார்க்க மேலே ஓடிவந்தார்கள். மேலே இருந்தவர்கள் அவள் இறங்குகிறாள் என்று நம்பிக் கீழே ஓடிவந்தார்கள். அந்த நடிகை மேலே கூடாரத்திலேயே இருந்தாளாம். இறங்கவே இல்லையாம்.

சாஜிதா மற்றப் பெண்களை இழுத்து வாசலுக்கு வெளியே பாறை மேல் ஏற்றிவிட்டார். அதனால் அவர்கள் பிழைத்தார்கள்.

எங்களை இரண்டு பக்கத்திலிருந்தும் நெருக்கியது. சத்தம் கொஞ்ச நேரம்தான். பிறகு சத்தம் போட யாருக்கும் மூச்சு இல்லை. கால் தரையில் இல்லை. கையை விடாதே கண்ணு, விடாதே என்று சொன்னேனா, நினைத்தேனா தெரியவில்லை. கை என் கையில் இருந்தது. வேர்த்து ஈரமாக இருந்தது. பிறகு இல்லை.

கூட்டத்தில் கீழே விழுந்து மிதிபட்டுத்தான் சாவார்கள் என்று நினைத்திருந்தேன். அவள் விழவே இல்லை. எதிர்ச் சுவரோடு நின்றுகொண்டிருந்தாள். நடுவில் ஓர் ஆளின் தோள். அந்தத் தோளுக்கு மேல் அவள் முகம் தெரிந்தது. என்னைப் பார்த்தாள். கூப்பிடவில்லை. வகுப்பில் பார்ப்பது போலவே பார்த்தாள், நான் ஏதாவது செய்வேன் என்று. என்னால ஒண்ணும் முடியல. கையைத் தூக்கக்கூட முடியல ஆண்டவரே.

கூட்டம் விலகியபோதுதான் அவள் சாய்ந்தாள். அவளோடு இன்னும் இரண்டு பெண்கள், எந்த ஊர்க்காரர்களோ. அப்புசாமிதான் தெய்வாவைத் தோளில் போட்டுக்கொண்டு அடிவாரம் வரை ஓடினான். அவள் கண் திறந்தே இருந்தது.

ஆகஸ்ட் 12, புதன்

அவர்கள் வீட்டுக்குப் போனேன். அங்கப்பன் வாசலிலேயே நின்றார். உள்ளே விடவில்லை.

"உங்களை நம்பி உட்டமுங்களே. கையைப் புடிச்சுக் கூட்டிட்டுப் போறேன்னீங்களாமே. கை எங்கீங்க போச்சு? சொல்லுங்க. கை எங்கீங்க போச்சு?"

அவ்வளவு கோபத்திலும் அந்த 'ங்க' வாயிலிருந்து விழாமல் வந்தது. அடித்திருந்தால் தேவலை.

"இனிமே எங்க ஊட்டுல அவ பேரை ஆரும் எடுக்கக் கூடாதுங்க. நீங்களும் எடுக்காதீங்க. போயிருங்க."



ஆகஸ்ட் 19, புதன்

அற்புதம் அம்மாள் அறைக்குக் கூப்பிட்டார்கள். கதவைச் சாத்தினார்கள். திங்கட்கிழமை விசாரணை.

"பொண்ணு நடிகையைப் பாக்கற ஆசையில வரிசையை விட்டு ஓடிட்டா. நீ புடிக்கப் போனே, அதுக்குள்ள கூட்டம் வந்துருச்சு. இதுதானே நடந்தது?"

"இல்லீங்கம்மா."

"சாராள், பாதிப் பேர் பொண்ணுங்களை நிறுத்திட்டாங்க. இன்னும் ஒரு மாசம் போனா பள்ளிக்கூடம் இருக்காது. போனவ போயிட்டா. இருக்கிற பொண்ணுங்க எழுத்துக் கத்துக்க வேண்டாமா?"

அவர்கள் கெட்டவர்கள் இல்லை. எனக்குச் சம்பளம் இல்லாத மாதத்தில் தன் வீட்டுச் சோற்றைப் போட்டவர்கள். சொல்லும்போது அவர்கள் கண்ணும் கலங்கியிருந்தது. அதனால்தான் இன்னும் கஷ்டம்.

வரிசையை விட்டு ஓடினாள். கேட்கவே தெரியாத பெண், ஓடினாளா?

ஆகஸ்ட் 24, திங்கள்

விசாரணை. அங்கப்பன் தூணோரமாக நின்றார். பூவாத்தாள் வரவில்லை.

அதிகாரி கேட்டார். சொன்னேன். "அவள் ஓடவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். கூட்டத்தைப் பார்த்த பிறகும் மேலே போகலாம் என்று சொன்னது நான். கை நழுவியது."

அற்புதம் அம்மாள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அங்கப்பன் அன்றைக்குப் பிறகு முதல் தடவையாக என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மன்னிப்பு இல்லை. அது மட்டும் தெரியும்.

அவள் என்னைப் பார்த்ததை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 31, திங்கள்

வேலையிலிருந்து நின்றுவிட்டேன். நிற்கச் சொன்னார்கள் என்பதுதான் சரி. சாஜிதா மட்டும் ஸ்டேஷன் வரை வந்தார். பிளாட்பாரத்தில் கூட்டம். வண்டி வந்ததும் எல்லோரும் முண்டினார்கள். என்னால் ஏற முடியவில்லை. அந்த வண்டியை விட்டுவிட்டு அடுத்த வண்டிக்கு உட்கார்ந்திருந்தோம்.

அக்டோபர் 4, ஞாயிறு, பெரியநாயக்கன்பாளையம்

தம்பி சாமுவேல் வீட்டில் இருக்கிறேன். காலையில் எல்லோரும் வந்து சேரும் முன்பே கோயிலுக்குப் போய்க் கதவோரம் உட்கார்ந்துகொள்கிறேன். கடைசிப் பாட்டு முடியும் முன்பே எழுந்து வந்துவிடுகிறேன். போதகர் தம்பியிடம் குறைபட்டுக்கொண்டாராம். வாசலில் நான்கு பேர் சேர்ந்து நின்றாலே எனக்கு மூச்சு அடைக்கிறது என்று எப்படிச் சொல்வேன்?

நவம்பர் 19

மழை. கறி நறுக்கினேன். துணி தைத்தேன். ஒன்றும் இல்லை.

டிசம்பர் 9, புதன்

மேட்டுப்பாளையத்தில் உறவுக்காரர் கல்யாணத்துக்குப் போகிற வழியில் சாஜிதா பேகம் வந்திருந்தார். தம்பி பெண்சாதி அடுப்படிக்குப் போன பிறகுதான் சொன்னார்.

கோட்டைக்குக் கூட்டம் குறையவில்லையாம். கூடிவிட்டதாம். சுனையையும் பீரங்கி மேட்டையும் யாரும் கேட்பதில்லையாம். "பொண்ணு செத்த இடம் எது?" என்றுதான் கேட்கிறார்களாம். அப்புசாமி மூன்றாம் வாசலில் நின்று கதை சொல்கிறானாம்.

"என்ன கதை?"

"வேண்டாம் டீச்சர்."

"சொல்லுங்க."

"சாகும்போது அம்மா அம்மான்னு கூப்பிட்டாளாம். இப்பவும் சுவத்துல காதை வெச்சா கேக்குதாம்."

சாஜிதாவுக்கு முன்னால் அழக் கூடாது என்று இருந்தேன். முடியவில்லை.

1937 ஜனவரி 12, செவ்வாய்

கதவைத் தட்டியது யார் என்று பார்த்தால், பூவாத்தாள். ஒற்றை ஆளாக ரயில் ஏறி வந்திருக்கிறார். பாதியாகக் கரைந்துபோயிருக்கிறார். விரலில் அந்த மஞ்சள் மட்டும் அப்படியே இருக்கிறது.

நான் காலில் விழப் போனேன். தோளைப் பிடித்து நிறுத்திவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், என்னை அங்க ஒருக்கா கூட்டிட்டுப் போவீங்களா? அவ போன வழியிலயே போகோணுமுங்க. அவுங்கப்பன்கிட்டக் கேட்டா ஊட்டை உட்டுத் தொரத்திப்போடுவாருங்க."

பொங்கலை ஒட்டி வரும் பூப்பறிக்கிற நோம்பி அன்றைக்குத்தான் மண்டியில் அவருக்கு அடுத்த லீவு. "அன்னைக்குக் கூட்டம் ரொம்ப இருக்குமுங்களே" என்றேன்.

"அன்னைக்கும் இருந்துதில்லீங்களா?"

ஜனவரி 17, ஞாயிறு

நேற்று போனோம்.

நோம்பி நாள். அடிவாரத்தில் புதுச்சேலை கட்டிய பெண்கள் கும்மி அடித்துக்கொண்டிருந்தார்கள். கரும்புச்சாறுக் கடை மூன்றாகியிருக்கிறது. நான் பஸ் படியருகிலேயே நின்றுவிட்டேன். பூவாத்தாள் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். யாரை யார் கூட்டிப் போனோம் என்று தெரியவில்லை. ஆள் நெருங்கும்போதெல்லாம் அவர் என்னைச் சுவர்ப் பக்கமாகத் தள்ளி, தான் வெளிப்பக்கம் வந்தார். "சித்த நில்லுங்க. அவுங்க போகட்டும்."

மூன்றாம் வாசலுக்கு வெளியே வரிசை நின்றது. அன்றைக்கு இந்த வரிசை இருந்திருந்தால்.

உள்ளே அந்தத் திருப்பத்தில், அந்த எதிர்ச் சுவரில், மஞ்சள் பூசிப் பொட்டு வைத்திருந்தார்கள். கீழே ஓர் அகல் விளக்கு. அப்புசாமியின் குரல் கேட்டது.

"இந்த எடந்தானுங்க. தெய்வாத்தாள்னு பேரு. சின்னப் புள்ளைங்க. உசுரு போகையில அம்மா, அம்மான்னு மூணு தடவ கூப்பிட்டுதுங்க. மூணாவது தடவ கூப்பிடையில சுவரே ரெண்டா வெடிச்சுதுங்க, இந்தா பாருங்க, இந்தக் கீறல். பயபக்தியாக் காதை வெச்சா இன்னைக்கும் கேக்கும்."

அந்தக் கீறல் ஜூலையிலேயே இருந்தது. நான் பார்த்திருக்கிறேன்.

ஜனங்கள் ஒவ்வொருவராகக் காதை வைத்தார்கள். "கேக்குதுடி" என்று ஒருத்தி தன் தங்கையிடம் சொன்னாள். ஒருவர் குழந்தையைத் தூக்கி அதன் காதை வைத்தார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தேன். பூவாத்தாளின் பிடி என் மணிக்கட்டில் இறுகியது.

"வேண்டாமுங்க."

எங்கள் முறை வந்தது. அவர் போனார். சுவரில் காதை வைத்தார். இரண்டு உள்ளங்கைகளையும் கல்லில் பதித்துக்கொண்டு, கண்ணை மூடி, அப்படியே நின்றார். அப்புசாமி என்னை அப்போதுதான் பார்த்தான். முகம் செத்துப்போயிற்று. யார் இவர் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது.

பின்னாலிருந்து ஓர் அம்மாள் சொன்னாள், "ஏனுங்கக்கா, எத்தனை நேரமுங்க? கேட்டது போதும், நவுருங்க. நாங்களும் பாக்கோணுமில்ல."

பூவாத்தாள் நகர்ந்தார். "நீங்க பாருங்க அம்மணி" என்று அந்த அம்மாளுக்கு வழி விட்டார்.

அடிவாரத்துக்கு இறங்கிவந்தோம். பஸ்ஸுக்குக் காத்திருக்கையில்தான் கேட்டார்.

"டீச்சர். கூப்பிட்டாளுங்களா?"

பஸ் வந்துவிட்டது. எல்லோரும் ஓடினார்கள். நான் பதில் சொல்லவில்லை. பஸ் வந்ததனால் அல்ல.

ஜனவரி 20, புதன்

ஆமாம் என்று சொல்லியிருந்தால் என்ன? விசாரணையில் உண்மை சொன்னேன், என் வேலை போயிற்று, போகட்டும். இங்கே ஒரு சொல் பொய் சொன்னால் ஒரு தாய்க்கு மகளின் கடைசிக் குரல் கிடைக்கும். அது பாவமா?

இல்லை என்று சொன்னால், ஏன் கூப்பிடவில்லை என்று கேட்பார். மூச்சு இல்லை என்று சொல்லவேண்டும். பார்த்தாள் என்று சொல்லவேண்டும். யாரைப் பார்த்தாள் என்று கேட்பார்.

மார்ச் 3, புதன்

பெருந்துறையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடத்தில் வேலை. நடந்ததைச் சொல்லித்தான் கேட்டேன். மானேஜர் யோசித்துவிட்டு, "வெளியூருக்கெல்லாம் கூட்டிட்டுப் போக வேண்டாம், அவ்வளவுதான்" என்றார். வேலைக்கு வந்துவிட்டேன். பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் ஓர் அறை, ஒரு வேப்பமரம். வகுப்பு முடிந்து பிள்ளைகள் வெளியே ஓடும்போது நான் கதவிலேயே நின்று ஒவ்வொருவராக விடுகிறேன். அவர்களுக்கு அது ஒரு விளையாட்டு.

ஏப்ரல் 10, சனி

பூவாத்தாள் மண்டிக்கு லீவான அமாவாசைதோறும் கோட்டைக்குப் போகிறார் என்று சாஜிதா சொல்லி அனுப்பியிருந்தார். இன்று அமாவாசை. போனேன்.

வெயில். கூட்டம் கொஞ்சம்தான். மூன்றாம் வாசலுக்கு வெளியே அப்புசாமி தனியாகப் பாறையில் உட்கார்ந்திருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து தலைப்பாகையை அவிழ்த்தான்.

"வெக்கமா இல்லியா உங்களுக்கு?" என்று கேட்டேன். "தூக்கிட்டு ஓடுனது நீங்க. செத்த புள்ளையை வெச்சா காசு பண்றது? பெத்தவளை நிக்க வெச்சுட்டா?"

"நிறுத்திப்போட்டனுங்க டீச்சர். அன்னைக்கு நீங்க வந்துட்டுப் போன பொறவு இனிமே சொல்றதில்லைன்னு இருந்தனுங்க. போன மாசம் அந்தம்மா வந்து, ஏன் நிறுத்திட்டே, சொல்லுன்னாங்க. காசு வாங்கறதில்லைங்க அவுங்ககிட்ட. அவுங்க சொல்லச் சொன்னா நான் என்ன பண்ணட்டும்?"

பூவாத்தாள் உள்ளே, அந்தச் சுவருக்கு எதிரே உட்கார்ந்திருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்தேன். அந்த இடத்தில் உட்காருவேன் என்று நினைத்ததில்லை.

சொன்னேன். "அவ கூப்பிடலீங்க. கூப்பிட மூச்சு இல்லீங்க. நின்னபடியே இருந்தா. எனக்கும் அவளுக்கும் நடுவுல ஒரு ஆளுதான். என்னையே பாத்துட்டிருந்தா. நான் ஏதாச்சும் பண்ணுவேன்னு பாத்தா. எனக்குக் கையைத் தூக்க முடியலீங்க."

நான்கைந்து பேர் எங்களைத் தாண்டிப் போனார்கள்.

"தெரியுமுங்க" என்றார் பூவாத்தாள். "அவ சத்தம் போடற புள்ளை இல்லீங்க. சின்னதுல தேள் கொட்டி, காலு வீங்கி நிக்கறா, கேட்டாத்தான் சொல்றா. அவளா சுவரு வெடிக்கக் கூப்புடுவா? அந்தாளு சொல்றது பொய்யின்னு மொத நாளே தெரியுமுங்க."

"அப்பறம் ஏனுங்க வர்றீங்க?"

"அவன் அவ பேரைச் சொல்றானில்லீங்க? ஊட்டுல ஆரும் சொல்றதில்லை. அவுங்கப்பன் சொல்லக் கூடாதுன்னுட்டாரு. சொந்தக்காரங்க எம்மூஞ்சியைப் பாத்தாப் பேச்சை மாத்திப்போடறாங்க. பொறந்து வளந்த புள்ளைங்க. பேரு வெச்சமுங்க. இங்க வந்தாத்தான் நாலு பேர் முன்னால ஒருத்தன் தெய்வாத்தாள்னு சொல்றான். அதைக் கேக்கத்தானுங்க வாரேன்."

எட்டு மாதமாக நானும் அந்தப் பேரை வாய்விட்டுச் சொன்னதில்லை என்று அப்போதுதான் தெரிந்தது. தாளில்தான் எழுதியிருக்கிறேன்.

"பெருந்துறையில இருக்கேனுங்க" என்றேன். "வந்தீங்கன்னா நான் சொல்றேன். தெய்வாத்தாளைப் பத்தி. எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்றேன்."

ஒரு கூட்டம் வந்தது. அப்புசாமி எங்களைப் பார்த்துத் தயங்கினான். பூவாத்தாள் சேலையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, அவனைப் பார்த்துத் தலையசைத்தார். அவன் சொல்ல ஆரம்பித்தான். நான் எழுந்து வந்துவிட்டேன். அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மே 15, சனி

வரவில்லை.

ஜூன் 22, செவ்வாய்

இரண்டாம் வாசலுக்கு மேல் யாரும் போகக் கூடாது என்று உத்தரவு வந்துவிட்டதாம். கம்பி வேலி போட்டுப் பூட்டிவிட்டார்கள். சுவரில் இருந்த மஞ்சளையும் கழுவிச் சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள். அப்புசாமி வேறு ஏதோ மலைக்கோயிலுக்குப் பிழைக்கப் போய்விட்டான்.

செய்யவேண்டியதுதான். முன்பே செய்திருக்கவேண்டும். ஆனால் பூவாத்தாள் இனி எங்கே போவார்?

ஜூலை 18, ஞாயிறு

மத்தியானம் வேப்பமரத்தடியில் ஒரு பாரவண்டி வந்து நின்றது. முதலில் பூவாத்தாள் இறங்கினார். ஓட்டி வந்தவர் அங்கப்பன். அவர் இறங்கவில்லை. மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்தபடி ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். கேட்காதது போல இருந்தார்.

"உடுங்க. இங்க கொண்டாந்து உட்டதே பெருசு" என்றார் பூவாத்தாள். "சந்தைக்குப் போறவரு. சித்த நேரந்தான் நிப்பேன்னாரு."

உள்ளே வந்து கதவோரம் தரையில் உட்கார்ந்தார். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு, செம்பைக் கீழே வைத்தார்.

"சொல்லுங்க டீச்சர். ஆனா நெசத்தை மட்டும் சொல்லுங்க."

எங்கே ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. கணக்கு அவளுக்கு வரவே வராது என்றேன். கழித்தல் கணக்கில் கடன் வாங்கின பத்தைத் திருப்பிக் கொடுக்க மறந்துவிடுவாள். தையலில் மட்டும் அவள் போட்ட முடிச்சைச் சாஜிதாவாலேயே அவிழ்க்க முடியாது. மத்தியானத்தில் மற்றவர்கள் பாண்டி ஆடும்போது அவள் கிணற்றடியில் உட்கார்ந்து எறும்புகளுக்குச் சோறு போடுவாள். ஒரு நாள் புளியங்காயை வாயில் அடக்கிக்கொண்டே பைபிள் வாசிக்க எழுந்து நின்று, ஒரு வசனம் முழுக்கக் கன்னத்தை உப்பிக்கொண்டு வாசித்தாள்.

பூவாத்தாள் சிரித்துவிட்டார். சிரித்த வாயைச் சேலைத் தலைப்பால் பொத்திக்கொண்டார். பிறகு அது சிரிப்பாக இல்லை.

நான் நிறுத்தவில்லை. ஒவ்வொரு வாக்கியத்திலும் பேரைச் சொன்னேன். தெய்வாத்தாள் இப்படி, தெய்வாத்தாள் அப்படி. கதவு திறந்துதான் இருந்தது. என் குரல் மரத்தடி வரை கேட்கும் என்று எனக்குத் தெரியும். பேரை எடுக்கக் கூடாது என்று என்னிடம் சொன்ன மனிதர் அங்கேதான் உட்கார்ந்திருந்தார். வண்டியை அடித்துக்கொண்டு போய்விடுவார் என்று ஒவ்வொரு முறையும் எதிர்பார்த்தேன்.

வெளியே மாட்டுக் கழுத்து மணிச் சத்தம் கேட்டது. பூவாத்தாள் பதறி எழுந்து எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

அங்கப்பன் கீழே இறங்கியிருந்தார். எங்கள் பக்கம் திரும்பவில்லை. நுகத்தடியிலிருந்து மாடுகளை அவிழ்த்து, ஒவ்வொன்றாக வேப்பமரத்தில் கட்டிக்கொண்டிருந்தார்.